ஆல்பர்ட் எக்கா: பரம் வீர் சக்ரா பெற்ற பழங்குடியும் பட்டியல் நீக்க அரசியலும்

ராஞ்சி நகரின் நடுவே, நான்கு சாலைகள் கூடுமிடத்தில், துப்பாக்கி ஏந்திய ஒரு சிப்பாயின் சிலை நிற்கிறது. ஆல்பர்ட் எக்கா சௌக் என்பது அவ்விடத்தின் பெயர். ஆண்டுதோறும் டிசம்பர் 3ஆம் நாள் அங்கே மாலைகள் குவிகின்றன. அமைச்சர்களும் அதிகாரிகளும் வந்து தலை வணங்கிச் செல்கின்றனர். 2023ஆம் ஆண்டும் அவ்வாறே நடந்தது. சரியாக மூன்று வாரங்கள் கழித்து, டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள், அதே நகரின் மொராபாதி மைதானத்தில் பெரும் பேரணி ஒன்று கூட்டப்பட்டது. கிறித்தவத்திற்கோ இசுலாத்திற்கோ மாறிய பழங்குடியினரைப் பழங்குடிப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்பது அதன் ஒற்றைக் கோரிக்கை. கூட்டியது ஜன்ஜாதி சுரக்ஷா மஞ்ச் என்ற அமைப்பு. ஆர்.எஸ்.எஸ். குடும்பத்தைச் சேர்ந்த வனவாசி கல்யாண் ஆசிரமத்தின் நிழலில் 2006இல் தோன்றியது அது.

சௌக்கில் சிலையாக நிற்கும் ஆல்பர்ட் எக்கா ஒரு கிறித்தவ ஒராவோன் பழங்குடி. தந்தை ஜூலியஸ் எக்கா, தாய் மரியம் எக்கா. மைதானத்தில் எழுந்த கோரிக்கை சட்டமானால், இந்திய ஒன்றியத்தின் மிக உயர்ந்த போர்க்கள விருதைப் பெற்ற அந்த மனிதர் பழங்குடி அல்லர் என்றாகிவிடும். அவர் வழிவந்தவர்களும் அவருடைய ஊராரில் பெரும்பகுதியினரும் அப்படியே ஆவார்கள். இந்த முரண்பாட்டைப் பேரணி மேடையில் எவரும் பேசவில்லை என்பதில் நமக்கு வியப்பில்லை. மாலை அணிவித்தவர்களும் பேசவில்லை என்பதையே நாம் கேள்விக்கு உள்ளாக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த மனிதரைப் பற்றிச் சொல்லிவிடுவோம். தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களில் அப்துல் ஹமீதைத் தெரிந்தவர்கள் உண்டு, கார்கில் வீரர்களைத் திரைப்படங்கள் வழியே தெரிந்தவர்கள் ஏராளம். எக்காவைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இன்றைய சார்க்கண்டின் கும்லா மாவட்டத்தில் ஜாரி என்னும் சிற்றூரில் 1942 டிசம்பர் 27 அன்று பிறந்தார். இருபது வயது நிரம்பியபோது பீகார் ரெஜிமென்ட்டில் சிப்பாயாகச் சேர்ந்தார். பின்னர் 14ஆம் கார்ட்ஸ் பட்டாலியன் உருவாக்கப்பட்டபோது அதற்கு மாற்றப்பட்டார். 1971 போரில் அவர் லான்ஸ் நாயக். அதிகாரிகளின் வரிசைக்கு வெகு கீழே உள்ள பதவி அது.

அகர்தலாவுக்கு மேற்கே, எல்லைக்கு அப்பால், இன்றைய வங்கதேசத்தின் பிராமன்பாரியா மாவட்டத்தில் கங்காசாகர் என்னும் இரயில் நிலையம் இருக்கிறது. அதைச் சுற்றிப் பாகிஸ்தான் படை வலுவான அரண் அமைத்திருந்தது. அகர்தலா நகருக்கு நேரும் ஆபத்தை விலக்கவும் டாக்கா நோக்கிய வழியைத் திறக்கவும் அந்நிலையைக் கைப்பற்றியாக வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் நடந்த அந்தத் தாக்குதலில் இடப்புற முன்னணிக் கம்பெனியில் இருந்தார் எக்கா. எதிரியின் இலகு இயந்திரத் துப்பாக்கி ஒன்று தம் தோழர்களை வீழ்த்திக்கொண்டிருப்பதைக் கண்டு அந்தப் பதுங்குகுழிக்குள் பாய்ந்தார். துப்பாக்கிமுனைக் கத்தியால் இருவரைக் கொன்று அதன் வாயை அடைத்தார். அதில் அவருக்குப் பலத்த காயம். இருந்தும் ஏறத்தாழ ஒரு மைல் ஆழம் நீண்ட அரணுக்குள் ஒவ்வொரு பதுங்குகுழியாக மற்றவர்களுடன் முன்னேறினார். வடகோடியில் ஒரு கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து நடுத்தர இயந்திரத் துப்பாக்கி சுடத் தொடங்கித் தாக்குதலை நிறுத்தியது. எக்கா தவழ்ந்து சென்று கையெறி குண்டை வீசினார். ஒருவர் இறந்தார், ஒருவர் காயமுற்றார், துப்பாக்கி ஓயவில்லை. பக்கச் சுவரில் ஏறி உள்ளே குதித்து, சுட்டுக்கொண்டிருந்தவரைக் கத்தியால் குத்தி அதை ஓயச் செய்தார். நிலை வீழ்ந்த பின் காயங்களால் இறந்தார். வயது இருபத்தெட்டு. விருதுச் சான்றுரை சொல்லும் செய்தி இதுவே. 1971இல் பரம் வீர் சக்ரா பெற்ற நால்வரில் கிழக்கு முனையில் போரிட்டவர் அவர் ஒருவர் மட்டுமே.

இவ்விடத்தில் ஒரு சிறு கணக்கு. இதுவரை பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரில் 12 பேர் அதிகாரிகள். எஞ்சிய 9 பேரே இளநிலை அதிகாரிகளும் சிப்பாய்களும். படையில் அதிகாரிகள் எவ்வளவு சிறிய பகுதி என்பதை எண்ணிப் பார்த்தால், வீரச் செயலைக் கண்டு, எழுதி, பரிந்துரைத்து, மேலே அனுப்பும் பாதை யாருக்கு அருகில் இருக்கிறது என்ற கேள்வி எழாமல் இராது. எக்கா பணியாற்றிய கார்ட்ஸ் படைப்பிரிவு, சாதி அடிப்படையிலான ஆள்சேர்ப்பைக் கைவிட்டு, எல்லாப் பகுதியினரையும் எல்லாச் சமூகத்தினரையும் கலந்து 1949இல் ஜெனரல் கரியப்பா உருவாக்கியது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படையில் இன்றளவும் மூன்று சமூகத்தினர் மட்டுமே சேர்க்கப்படுவதை எதிர்த்து நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்ட நாட்டில் அது சிறு செய்தியன்று.

இப்போது பெயருக்கு வருவோம். ஆல்பர்ட் என்பது திருமுழுக்கில் இட்ட பெயர். எக்கா என்பது குலப்பெயர். ஒராவோன் மக்களின் குடுக் மொழியில் அது ஆமையைக் குறிக்கும். எக்கா குலத்தார்க்கு ஆமை குலக்குறி. ஒரே குலக்குறி உடையவர்கள் தங்களுக்குள் மணம் செய்துகொள்வதில்லை. அவர்கள் உடன்பிறந்தார் முறை. மிஞ்ச், குஜூர், டிர்க்கி, லக்ரா, டொப்போ என ஒராவோன்களின் ஏனைய குலப்பெயர்களும் இத்தகையவையே. திருமுழுக்குப் பெற்ற ஒராவோனும் சர்னா வழிபாட்டு ஒராவோனும் இப்பெயர்களை ஒன்றுபோலவே தாங்கி நிற்கின்றனர். இன்னொன்றையும் சொல்லலாம்: குடுக் நம் தமிழுக்கு உறவான திராவிட மொழி. பல்லுக்கு அவர்கள் சொல்வதும் பல் என்றே. மதம் மாறியதும் பண்பாடு செத்துவிட்டது என்று மேடையில் முழங்குகிறவர்கள், ஆல்பர்ட் எக்கா என்ற இரு சொற்களை அருகருகே வைத்துப் படித்தாலே போதும். முதற்சொல் இரண்டாம் சொல்லை விழுங்கிவிடவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? பட்டியல் சாதியினருக்கான 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆகார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. கிறித்தவ, இசுலாமிய தலித்துகள் இன்றுவரை வெளியே நிறுத்தப்பட்டிருக்கின்றனர். பழங்குடியினருக்கான ஆணையில் இத்தகைய பத்தி இல்லை. பழங்குடி என்பதற்கு மதம் அளவுகோல் அன்று. 1965இல் லோக்கூர் குழு வகுத்த அடையாளங்களும் தனித்த பண்பாடு, புவியியல் ஒதுக்கம், பின்தங்கிய நிலை போன்றவற்றையே கூறின. பட்டியல் நீக்கப் பரப்புரை கேட்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: தலித்துகளின் கழுத்தில் 1950 முதல் கிடக்கும் மூன்றாம் பத்தியைப் பழங்குடிகளின் கழுத்திலும் மாட்ட வேண்டும். ஆகவேதான் இதை அயலாரின் வழக்காக எண்ணித் தள்ளி நிற்க நம்மால் முடியாது என்கிறோம்.

2004இல் கேரள அரசுக்கும் சந்திரமோகனன் என்பவருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் இக்கேள்வியை எதிர்கொண்டது. மல அரையர் பழங்குடியைச் சேர்ந்த ஒரு சிறுமிக்கு எதிரான குற்றத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்க்கப்பட்டிருந்தது. சிறுமியின் குடும்பம் கிறித்தவத்தைத் தழுவியது, ஆதலால் அச்சட்டம் பொருந்தாது என்பது எதிர்த்தரப்பின் வாதம். மதம் மாறிய ஒரே காரணத்தால் ஒருவர் பழங்குடி என்ற நிலையை இழந்துவிடுவதில்லை என்றது நீதிமன்றம். ஆனால் அவர் இன்னும் அச்சமூகத்தின் வழக்கங்களைப் பின்பற்றுகிறாரா, சமூகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்கிறதா என்பவை ஒவ்வொரு வழக்கிலும் சான்றுகளால் தீர்மானிக்க வேண்டியவை என்றும் சொல்லிவைத்தது. அந்தப் பின்பகுதிதான் நமக்குக் கவலை தருகிறது. ஒரு சிறுமிக்கு இழைக்கப்பட்ட குற்றத்தை விசாரிக்கும் இடத்தில் அவள் வீட்டார் எந்தக் கோயிலுக்குப் போகிறார்கள் என்று கேட்கும் வாய்ப்பு திறந்தே கிடக்கிறது.

வேலைவாய்ப்பில் ஒதுக்கீட்டைப் பற்றியதே பட்டியல் நீக்கச் சிக்கல் என்று பொதுவாக நினைக்கிறார்கள். பரப்புரையாளர்களும் அப்படித்தான் பேசுகின்றனர். கும்லாவில் நின்று பார்த்தால் வேறொன்று தெரியும். 1908ஆம் ஆண்டின் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் பழங்குடியினரின் நிலம் பழங்குடி அல்லாதார் கைக்குப் போவதைத் தடுக்கிறது. பிர்சா முண்டாவின் கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேய அரசிடமிருந்து பிடுங்கப்பட்ட பாதுகாப்பு அது. ஒருவர் பட்டியலில் இருக்கும்வரை அவருடைய நிலத்திற்கு அந்த வேலி உண்டு. பட்டியலிலிருந்து பெயர் போனால் வேலியும் போகும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்திலும் இதே நிலைதான். வனத்தில் வாழும் பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பு அந்நிலத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். மற்ற மரபுவழி வனவாசிகளோ மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததைக் காட்டியாக வேண்டும். பட்டியலிலிருந்து நீக்கப்படும் ஒராவோன் உழவர் ஒரே நாளில் இரண்டாம் வகைக்குத் தள்ளப்படுவார். எழுத்துச் சான்றே இல்லாத ஊர்களில் 75 ஆண்டுகளுக்கு எங்கே போவார்? கும்லாவும் லோஹர்தகாவும் பாக்சைட் கனிமம் நிறைந்த மேட்டுநிலங்கள் என்பதை இத்துடன் சேர்த்து வாசிக்க வேண்டும். ஒரே ஊரில் பாதிப்பேர் நிலத்துக்கு வேலி உண்டு, பாதிப்பேர் நிலத்துக்கு இல்லை என்ற நிலை வந்தபின் கிராம சபையின் குரல் எத்தனை நாள் ஒன்றாக நிற்கும்?

மண்ணைப் பற்றிப் பேசும்போது எக்காவின் கல்லறையைப் பற்றியும் பேச வேண்டும். போரில் இறந்த அவரது உடல் ஊருக்கு வரவில்லை. அகர்தலாவுக்கு அருகில் துக்ளி பகுதியில் மற்றப் போர்வீரர்களோடு அடக்கம் செய்யப்பட்டது. கணவரின் எச்சத்தையாவது சொந்த மண்ணுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவருடைய மனைவி பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2015 டிசம்பரில், ரகுபர் தாஸ் தலைமையிலான சார்க்கண்ட் அரசு ஒரு கலயத்தில் மண்ணை ஜாரிக்குக் கொண்டுவந்தது. அது அவர் கல்லறை மண்தான் என்பதற்கு என்ன சான்று என்று குடும்பம் கேட்டது. வெறும் ஐயம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. கணவரைப் புதைத்த இடத்தையே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காட்டாத அரசு, விழா நாளில் ஒரு கலயத்தை நீட்டினால் யார்தான் கேட்கமாட்டார்கள்?

அடுத்த ஆண்டு, 2016இல், அதே ரகுபர் தாஸ் அரசுதான் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டத்தைத் திருத்தும் முன்வரைவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. விளைநிலத்தை வேளாண்மை அல்லாத பயன்பாட்டுக்கு மாற்ற வழி செய்வது அதன் நோக்கம். சர்னா வழியினரும் கிறித்தவரும் தோளோடு தோள் நின்று தெருவில் இறங்கினர். அன்றைய ஆளுநர் திரௌபதி முர்மு முன்வரைவைத் திருப்பி அனுப்பினார். 2017இல் அரசு பின்வாங்கியது. ஒரு கலயம் மண்ணைக் கொடுத்த கை மறுகையால் எதை எடுக்க முனைந்தது என்பதைப் பழங்குடிகள் உணர்ந்திருந்தனர். அந்தப் போராட்டத்தின் ஒற்றுமையை உடைக்காமல் நிலத்தை எடுக்க முடியாது என்பதை எதிர்த்தரப்பும் அப்போது கற்றுக்கொண்டிருக்க வேண்டும். பட்டியல் நீக்கப் பரப்புரை அதன்பின் எடுத்த வேகத்தை நாம் இந்தப் பின்னணியிலேயே பார்க்கிறோம்.

எக்காவை உருவாக்கிய படைக்கும் அவர் மக்களுக்கும் இருந்த உறவும் நேர்க்கோட்டில் அமைந்ததன்று. நேத்தர்ஹாட் துப்பாக்கிப் பயிற்சிக் களம் என்ற பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். கும்லா, லாத்தேஹார் மாவட்டங்களின் மேட்டுநிலத்தில் 1964 முதல் இராணுவம் பீரங்கிப் பயிற்சி நடத்தியது. பயிற்சி நாட்களில் மக்கள் ஊரைவிட்டு வெளியேற வேண்டும். குண்டுகள் விழுந்து பயிர் அழிந்ததையும், மக்களும் கால்நடைகளும் மாண்டதையும், பெண்கள் மீது நடந்த வன்முறையையும் போராட்ட இயக்கம் தொடர்ந்து பதிவு செய்து வந்துள்ளது. 1990களின் தொடக்கத்தில் 245 கிராமங்களை உள்ளடக்கிய 1,471 சதுர கிலோமீட்டர் பரப்பு அறிவிக்கை செய்யப்பட்டபோது, மக்கள் இராணுவ வண்டிகளை மறித்து அமர்ந்தனர். ஆண்டுதோறும் மார்ச் 22, 23 நாள்களில் துட்டுவாபானியில் கூடி அந்த உறுதியைப் புதுப்பித்து வந்தனர். 2022இல் ஹேமந்த் சோரன் அரசு அறிவிக்கையை மீண்டும் நீட்டிக்க மறுத்தது. எண்ணிப் பாருங்கள்: பிள்ளைகளைப் படைக்கு அனுப்பிய மாவட்டம் அது, அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்குப் பரம் வீர் சக்ரா கிடைத்தது, அதே மாவட்டத்து ஊர்கள் அதே படையின் குண்டுகளுக்கு இலக்காக முப்பது ஆண்டுகள் இருந்தன. எக்காவுக்குக் கிடைத்த பதக்கம் அந்த ஊர்களில் ஒன்றைக்கூடக் காப்பாற்றவில்லை. ஊர்களைக் காத்தது மக்கள் சாலையில் அமர்ந்ததுதான்.

இதைச் சொல்லும்போது நம் தோழர்கள் சிலர் வருத்தப்படலாம். தலித் இயக்கத்திற்குப் படைவீரன் வெறும் அடையாளம் அல்லன். பீமா கோரேகான் தூணில் பொறிக்கப்பட்ட 49 பெயர்களில் 22 மகர்களுடையவை. அண்ணல் அம்பேத்கரின் தந்தை இராம்ஜி சுபேதார். படைக்குடியிருப்பில் கிடைத்த கல்வியும் ஓய்வூதியமும் இல்லாமல் அந்த வீட்டின் வரலாறு வேறாகியிருக்கும். இவை நம் பெருமைகள். ஆனால் அந்த வரலாற்றின் மறுபாதியையும் நாம் படிக்க வேண்டும். 1892இல் ‘போர்க்குடிகள்’ என்ற கொள்கையைச் சாக்கிட்டு மகர்களுக்குப் படையின் கதவு மூடப்பட்டது. 1894இல் கோபால் பாபா வலங்கரும் 1910இல் சிவராம் ஜான்பா காம்ப்ளேயும் மனு எழுதினர். சிந்திய குருதியைச் சுட்டி வாயில் திறக்கக் கேட்டனர். திறக்கவில்லை. முதல் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது 1917இல் 111ஆம் மகர் படைப்பிரிவு உருவாக்கப்பட்டது. போர் முடிந்ததும் 1921இல் கலைக்கப்பட்டது. சமார் ரெஜிமென்ட் 1943இல் எழுந்தது, 1946இல் கலைந்தது. தேவைப்படும்போது வீரன், தேவை தீர்ந்தால் தீண்டத்தகாதவன்.

அம்பேத்கர் இதை எவரையும்விட நன்கு அறிந்திருந்தார். 1941இல் மகர் ரெஜிமென்ட் மீண்டும் உருவாக அவர் துணை நின்றார் என்பது உண்மை. எனினும் அரசமைப்புச் சட்டத்தில் அவர் எழுதிய உரிமைகள் எவையும் குருதிக்கு விலையாக எழுதப்பட்டவை அல்ல. எந்தப் போரிலும் கலந்துகொள்ளாத, எந்த வீரச் செயலும் செய்யாத, ஊரின் கடைக்கோடியில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கும் அவை உரியவை. ஆகவே, எக்கா பரம் வீர் சக்ரா பெற்றவர், ஆதலால் கிறித்தவப் பழங்குடிகளை நீக்காதீர் என்ற வாதத்தை நாம் முன்வைக்கவில்லை. அவ்வாதம் கேட்பதற்கு இனிமையானது, உள்ளே ஆபத்தானது. விருது பெறாத ஜாரி ஊர்க்காரர் என்ன பதில் சொல்வார்? எக்காவின் பெயரை நாம் எடுப்பதற்குக் காரணம் வேறு. விழா எடுப்பவர்களிடம், அவரை யாராக எண்ணி வணங்குகிறீர்கள் என்று கேட்பதற்காகவே.

2023 சனவரி 23 அன்று அந்தமானின் 21 பெயரில்லாத் தீவுகளுக்குப் பரம் வீர் சக்ரா பெற்றோரின் பெயர்களைப் பிரதமர் சூட்டினார். அவற்றில் ஒன்று இப்போது எக்காவின் பெயரைத் தாங்குகிறது. ஒரு தீவு முழுவதும் அவர் பெயரில் இருக்கலாம். அவருடைய சமயத்தைச் சேர்ந்த பழங்குடி தன் ஊரில் ஆறடி மண் கேட்டால் என்ன நடக்கிறது? ஜாரியிலிருந்து எல்லையைக் கடந்தால் சத்தீஸ்கர். வனவாசி கல்யாண் ஆசிரமம் 1952இல் தொடங்கப்பட்ட ஜஷ்பூர் கும்லாவை ஒட்டிய மாவட்டம். அதே மாநிலத்தின் தெற்கே நாராயண்பூர்ப் பகுதியில் 2022 இறுதியில் கிறித்தவப் பழங்குடிக் குடும்பங்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டன. பஸ்தரின் சிந்தவாடா என்னும் ஊரில் 2025 சனவரியில் ஒரு போதகர் இறந்தபோது, ஊர் இடுகாட்டில் அவரைப் புதைக்க எதிர்ப்பு எழுந்தது. உடல் சவக்கிடங்கில் கிடக்க, மகன் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். நீதிபதி நாகரத்னா குடும்பத்தின் சொந்த நிலத்தில் புதைக்கலாம் என்றார். நீதிபதி சதீஷ் சந்திர சர்மா அதை ஏற்கவில்லை. இருவர் கருத்தும் பிரிந்த நிலையில், உடல் மேலும் அழியக் கூடாதென்று, இருபது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கிறித்தவ இடுகாட்டில் அடக்கம் செய்ய ஆணையிடப்பட்டது. மூதாதையர் உறங்கும் மண்ணில் தந்தைக்கு இடம் கிடைக்கவில்லை.

பட்டியல் நீக்கக் கோரிக்கைக்கு ஒரு பழைய வேரும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அக்கோரிக்கையை முதலில் நாடாளுமன்றத்தில் ஓங்கி ஒலித்தவர் கார்த்திக் ஒராவோன். காங்கிரசுக்காரர், லோஹர்தகா தொகுதி உறுப்பினர், கும்லா மண்ணில் பிறந்தவர், எக்காவைப் போலவே ஒராவோன். 1970 நவம்பரில் 348 நாடாளுமன்ற உறுப்பினர்கள் கையொப்பமிட்ட மனு இந்திரா காந்தியிடம் அளிக்கப்பட்டது என்பதை இன்றைய பரப்புரையாளர்கள் பெருமையுடன் நினைவூட்டுகின்றனர். ஓராண்டு கழித்து, அம்மனு நீக்கச் சொன்ன மக்களில் ஒருவர் கங்காசாகரில் சுவரேறிக் குதித்தார். கார்த்திக் ஒராவோனின் மனக்குறை முழுவதும் பொய்யன்று. சபைப் பள்ளிகள் நூறாண்டுக்கு மேலாக இயங்கிய ஊர்களில் கல்வி முந்தி வந்தது. பள்ளியே இல்லாத சர்னா ஊர்கள் பின்தங்கின. அரசு வேலைகளில் அதன் விளைவு தெரிந்தது. ஆனால் அதற்கு மருந்து பள்ளி திறப்பது. மிகவும் பின்தங்கியோருக்கு உள்ஒதுக்கீடு என்ற வழியையும் 2024 ஆகஸ்ட் 1 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் திறந்துவிட்டிருக்கிறது. அண்ணனுக்குச் சோறு போடவில்லை என்பதற்காகத் தம்பியைக் குடும்ப அட்டையிலிருந்து நீக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? மேலும், சர்னா மக்களுக்காகக் கண்ணீர் விடும் இதே அமைப்புகள், சர்னாவைத் தனிச் சமயமாகக் கணக்கெடுப்பில் ஏற்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு ஆதரவு தருவதில்லை. 2011 கணக்கெடுப்பில் ‘பிற சமயம்’ என்ற கட்டத்தில் தாமாகவே சர்னா என்று எழுதியவர்கள் 49 இலட்சத்துக்கும் மேல். 2020 நவம்பரில் சார்க்கண்ட் சட்டமன்றம் தனிக்குறியீடு கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒன்றிய அரசு இன்னும் இசையவில்லை. பழங்குடி கிறித்தவரானால் பழங்குடி அல்லர். இந்துவாக எழுதப்பட்டால் மட்டும் பழங்குடியே. இக்கணக்கு யாருக்காகப் போடப்படுகிறது என்பது விளங்காமல் இல்லை.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் பார்க்கும் நமக்கு மூன்றாம் பத்தியின் வலி புதிதன்று. சாதி மாறவில்லை, சேரி மாறவில்லை, கல்லறைத் தோட்டத்தில் சுவர்கூட எழுப்பப்பட்டது; சான்றிதழ் மட்டும் மாறியது. 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், கிறித்தவ நம்பிக்கையைப் பின்பற்றிக்கொண்டே பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்பது அரசமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் 2022 அக்டோபரில் அமைக்கப்பட்டது; அதன் காலக்கெடுவும் நீட்டிக்கப்பட்டது. இங்கே மூன்றாம் பத்தியை நீக்கக் கோரும் இயக்கங்களும் சார்க்கண்டில் அதைப் பழங்குடிகளுக்கு நீட்டிக்காதே என்று போராடும் இயக்கங்களும் இதுவரை தனித்தனி மேடைகளிலேயே நிற்கின்றன. ஒரே பத்தியின் இரு பக்கங்களில் நிற்கிறோம் என்பதை நம் மாணவர் அமைப்புகளாவது எடுத்துரைக்க வேண்டும். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் குறிக்கப்பட்டுள்ள நாள் 2027 மார்ச் 1. கணக்கெடுப்பாளர் ஜாரியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிச் சமயம் எது என்றும் பழங்குடி எது என்றும் கேட்பார். அவ்விரு கட்டங்களும் ஒன்றையொன்று அழிக்காமல் இருப்பதற்கான சட்டப் பணியை அதற்கு முன்பே தொடங்கியாக வேண்டும்.